அம்மா வீட்டு வெள்ளி ரூபாய்: எடைக்குப் போடலாமா, எடுத்து வைக்கலாமா?

களியக்காவிளை_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மா போன பிறகு பூட்டியே கிடந்த வீட்டை இப்போது விற்கப் போகிறோம். நெல் போடும் பத்தாயத்தை ஒழித்தபோது அடியில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. உள்ளே பழைய நேரியல் துணியில் முடிந்து வைத்த வெள்ளி ரூபாய்கள். பாதிக்கு மேல் விக்டோரியா ராணி தலை, மீதி ராஜா தலை. கூடவே சங்கு போட்ட பொடிப்பொடி வெள்ளிக் காசுகள், 1114 என்று போட்ட செம்புக் காசுகள், ஓட்டைக் காலணா, புலி போட்ட ரூபாய். ஒரு சிகரெட் டப்பா நிறைய தபால்தலை வேறு. அது பெரிய அண்ணன் பள்ளிக்கூட நாளில் சேர்த்தது.

இங்கே ஒரு நகைக்கடையில் நாலைந்தைக் காட்டினோம். உரசிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே கணக்குதான், பழைய வெள்ளி, மொத்தமா எடைக்கு எடுத்துக்கிறேன்" என்றார். பெரிய அண்ணன் விற்றுப் பங்கு போடலாம் என்கிறான். சின்னவனுக்கு மனசில்லை. அண்ணன் மகனோ 1114 காசு தொள்ளாயிரம் வருஷப் பழசு, கோடிக்குப் போகும் என்று வீடியோ காட்டுகிறான். உண்மையில் இதற்கெல்லாம் என்ன மதிப்பு? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை பெட்டி என்னிடம்தான் இருக்கும்.

கொழிஞ்சாம்பாறை_ஆசாரி:

அக்கா, நாங்கள் பரம்பரையாகப் பொன்வேலை செய்கிறவர்கள். வெள்ளிக் கணக்கை மட்டும் சொல்கிறேன், நாணயக் கணக்கை மற்றவர்கள் சொல்லட்டும்.

"எல்லாம் ஒரே கணக்கு" என்பது சரியில்லை. 1835-லிருந்து 1939 வரை வந்த ஒரு ரூபாய் 11.66 கிராம் எடை, 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது ஒரு ரூபாய்க்குள் சுத்த வெள்ளி 10.69 கிராம் இருக்கும். 1940 முதல் போர்க்காலத்தில் அடித்ததில் எடை அதேதான், ஆனால் வெள்ளி பாதிதான். மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். சுத்த வெள்ளி 5.83 கிராம்தான் தேறும். 1947 புலி ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள், ஓடிவந்து ஒட்டும்.

மூன்றையும் ஒரே தட்டில் போட்டு சராசரி விலை பேசினால் ராணி தலை ரூபாய்க்குப் பாதி விலைதான் உங்கள் கைக்கு வரும். முதலில் வருஷம் பார்த்து மூன்று குவியலாகப் பிரியுங்கள். அன்றைய வெள்ளி கிராம் விலையை 10.69-ஆல் பெருக்கினால் ஒரு நல்ல ரூபாயின் உலோக மதிப்பு வந்துவிடும். உருக்குக் கழிவு என்று கொஞ்சம் பிடிப்பார்கள், அது நியாயம். அதற்கு மேல் பிடித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

போலியா என்று சந்தேகம் வந்தால் சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யம் ஆக்கிக்கொள்ளுங்கள். ரூபாயை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். 91.7 வெள்ளியாக இருந்தால் தராசு ஏறக்குறைய 1.13 கிராம் காட்டும். 1.3-க்கு மேல் போனால் அது வேறு உலோகம். காசை உரசவோ வெட்டவோ தேவையில்லை. அந்தக் கடைக்காரர் உரசிய காசுகளில் கோடு விழுந்திருக்கும், இனி யாரிடமும் உரசக் கொடுக்காதீர்கள்.

நாஞ்சில்_அண்ணாச்சி:

ஆசாரி தம்பி சொன்னது அத்தனையும் சரி. இனி நாணயக் கணக்குக்கு வருவோம். தங்கச்சி, கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளணும். ஓலைப்பெட்டியோடு மொத்தமாக எடைக்குப் போகிற வீடுகளை நம் பக்கம் நிறையப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன்.

முதலில் ஏமாற்றமான செய்தி. பழசு என்பதால் மட்டும் ஒரு காசு அரியதாகிவிடாது. உங்கள் ராணி தலைகளில் 1862 என்று போட்டவை நிறைய இருக்கும். காரணம், 1862-க்குப் பிறகு பத்து வருஷத்துக்கும் மேல் அதே வருஷத்தைப் போட்டே அடித்துத் தள்ளினார்கள். 1840-க்கும் அதே கதைதான். இந்தியா முழுக்க வீட்டுக்கு வீடு கிடைக்கும். தேய்ந்துபோன 1862-க்கு வெள்ளி விலைக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கிரீடத்தின் மணிகளும் உடுப்பின் பூவேலையும் அடித்த அன்று இருந்ததுபோலத் தெளிவாகத் தெரிந்தால் கதை வேறு. ஒரே வருஷம், ஒரே காசு, நிலைமையைப் பொறுத்து விலை பல மடங்கு மாறும். கொக்கி பற்றவைத்தது, ஓட்டை போட்டு மாலையில் கோத்தது இதெல்லாம் எடைக்குத்தான்.

ராஜா தலைகளில் 1911 இருக்கிறதா பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் ஒரு சின்ன யானை உண்டு. அந்த வருஷம் அச்சில் துதிக்கை குட்டையாகிப் பன்றி மாதிரி தெரிந்தது. ஜனங்களிடம் முறுமுறுப்பு எழுந்ததும் நிறுத்திவிட்டார்கள். அடித்தது 94 லட்சம், வெளியே போனது 7 லட்சம் சுமார், மற்றதெல்லாம் உருக்கு உலைக்குப் போனது. 1912-இல் துதிக்கையைத் திருத்தினார்கள். பன்றி ரூபாய் என்று கேட்டு வாங்குவார்கள். நல்ல விலை உண்டு, லட்சக் கணக்கில் எல்லாம் இல்லை. ஆறாம் ஜார்ஜில் 1939 உண்மையிலேயே அரிது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் யாரிடமும் விலை பேசாமல் தனியே எடுத்து வையுங்கள். அந்த வருஷத்துக்குப் போலி அதிகம் என்பதால் தெரிந்த ஆளிடம் காட்டிய பிறகே பேச்சு. ஏழாம் எட்வர்டு ராஜா தலையில் கிரீடம் இருக்காது, அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். 1903 முதல் 1910 வரை வந்தது.

இனி 1114. மருமகனிடம் சொல்லுங்கள், அது கொல்லம் ஆண்டு, மலையாள நாட்டு வருஷக் கணக்கு. ஆங்கில வருஷம் வேண்டுமென்றால் 824-ஓ 825-ஓ கூட்டணும். 1114 என்றால் 1938-39. திருவிதாங்கூர் ஸ்ரீசித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துச் சக்கரம் என்ற காசு. தொள்ளாயிரம் வருஷம் இல்லை, உங்கள் அம்மாவின் அம்மா சந்தைக்குக் கொண்டுபோன காசு. விலையும் சாதாரணம்தான்.

ஆனாலும் அந்தப் பெட்டியில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தச் சங்குக் காசுகள்தான். நம் கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் 1949 வரை திருவிதாங்கூரின் மண், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் மண். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய், அதாவது திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு. ராணி தலையும் சங்கும் ஒரே முடிச்சில் இருக்கிறது என்றால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்த இரண்டு கணக்கையும் தினமும் கையில் பிடித்தவர்கள் என்று அர்த்தம். பழைய வெள்ளிச் சக்கரம் விரல் நகத்தைவிடச் சின்னது, எண்ணி மாளாது. அதற்கென்றே குழி குழியாகத் தோண்டிய பலகை வைத்திருந்தார்கள். ஒரு பிடி அள்ளிப் பரப்பி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும், மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. நெடுமங்காட்டில் கோயிக்கல் கொட்டாரத்தில் (அரண்மனையில்) கேரளத் தொல்லியல் துறையின் நாணயக் காட்சிசாலை இருக்கிறது. களியக்காவிளையிலிருந்து போய்வர ஒரு பகல் போதும். மருமகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

விற்கிறீர்களோ வைக்கிறீர்களோ, அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பெட்டியைத் திறந்த நிலையிலேயே படம் எடுங்கள். எந்த வீடு, எந்த ஊர், யார் முடிந்து வைத்தது, எந்தெந்தக் காசு சேர்ந்திருந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். ஒரே முடிச்சில் கிடந்த காசுகளைக் கலைத்துவிட்டால் பிறகு யாராலும் சேர்க்க முடியாது.

பாறசாலை_தம்பி:

அண்ணாச்சி, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் விற்பதைக் குற்றம் மாதிரி யாரும் நினைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அக்கா கல்யாணத்துக்கு அப்பா வெள்ளி ரூபாய் மொத்தத்தையும் கொடுத்துத்தான் பாத்திரமும் கொலுசும் வாங்கினார். பாட்டா அதை முடிந்து வைத்ததே அப்படி ஒரு நாளுக்குத்தான். பேங்கு இல்லாத காலத்தில் அதுதானே சேமிப்பு. பெரிய அண்ணனுக்குப் பணத்தேவை இருந்தால் அதையும் பார்க்கணும்.

நாஞ்சில்_அண்ணாச்சி:

> பாட்டா அதை முடிந்து வைத்ததே அப்படி ஒரு நாளுக்குத்தான்.

நூற்றுக்கு நூறு ஒத்துக்கொள்கிறேன் தம்பி. தேய்ந்த 1862-ஐயும் போர்க்கால ரூபாயையும் விற்றுப் பங்கு போடட்டும், நானே அதைத்தான் சொல்வேன். பணம் அதில்தான் இருக்கிறது. சங்குக் காசையும் செம்பையும் விற்றால் மூன்று பேருக்கும் பிரித்தபின் ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் காணுமா என்பதே சந்தேகம். விலை குறைந்ததை வைத்துக்கொண்டு விலை கூடியதை விற்கச் சொல்கிறேன். பெரிய அண்ணனும் சின்னவரும் சண்டை போட இதில் இடமே இல்லை.

தோவாளை_பூக்கடை:

நான் காசு சேர்க்கிற ஆள் இல்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஆச்சி பிள்ளை பெற்றவளுக்கு மருந்து இடிக்கும்போது பக்கத்தில் ஒரு ராணி ரூபாய் வைத்திருப்பாள். சுக்கு இத்தனை ரூபா எடை, திப்பிலி இத்தனை ரூபா எடை என்றுதான் வாயில் கணக்கு. மூணு ரூபா எடை ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை. தராசின் ஒரு தட்டில் அந்த ரூபாயைப் போட்டு மறு தட்டில் மருந்தைக் கொட்டுவாள். ஆச்சி போன பிறகும் அம்மா அதே ரூபாயை வைத்துத்தான் நிறுத்தாள். விளிம்பு வழவழவென்று ஆகிவிட்டது. மாமா ஒருத்தர் கேட்டும் அம்மா கொடுக்கவில்லை. அக்கா, ஆளுக்கு ஒன்றாவது வீட்டில் நிற்கட்டும்.

ஆரியங்காவு_ரயில்:

சிகரெட் டப்பாவை மறந்துவிட்டீர்களே! தபால்தலையில் சங்கு முத்திரை ஏதாவது இருக்கிறதா? திருவிதாங்கூருக்குத் தனி அஞ்சல் உண்டு. சங்கு போட்ட முதல் தபால்தலை 1888-இல் வந்தது, 1951-இல் இந்திய தபால் துறையோடு சேர்ந்தது. கடைசி இரண்டு மூன்று வருஷம் திருவிதாங்கூர்-கொச்சி என்று அச்சிட்டவையும் உண்டு.

தனித் தபால்தலை பெரும்பாலும் மலிவு. முழு உறையோ கார்டோ கிடைத்தால்தான் எங்களுக்குக் கொண்டாட்டம். கொளச்சல், தக்கலை, செங்கோட்டை அஞ்சலாபீஸ் முத்திரை தெளிவாக விழுந்திருந்தால் தபால்தலையைவிட அந்த முத்திரைக்குத்தான் விலை. ஆகவே உறையிலிருந்து எதையும் கிழிக்காதீர்கள், தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். வீட்டுக் கடிதக் கட்டு எங்காவது இருந்தால் அதையும் தேடுங்கள், வீடு விற்பதற்குள்.

களியக்காவிளை_மகள்:

எல்லாருக்கும் நன்றி. வருஷவாரியாகப் பிரித்துவிட்டேன். 1911 ஒன்று இருக்கிறது அண்ணாச்சி! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த யானை நிஜமாகவே பன்றி மாதிரிதான் இருக்கிறது. 1939 இல்லை. பெரிய அண்ணனும் சங்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டான், அது சின்னவனுக்கு. காசெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

நாஞ்சில்_அண்ணாச்சி:

வேண்டாம், வேண்டவே வேண்டாம்! புளி, எலுமிச்சை, திருநீறு, பல்பொடி எதுவும் படக் கூடாது. அந்தக் கறுப்பு வெள்ளியின் மேல் காற்றுப்பட்டு உண்டான படிவு. தேய்த்தால் அதோடு மேல்தோலும் போகும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் முகம் முழுக்கக் கீறல் தெரியும். பளபளப்பு வந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றும், வாங்குகிறவனோ பாதி விலைகூடச் சொல்லமாட்டான். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு எடுத்து, மெத்தென்ற துணியில் ஒற்றி எடுங்கள். அவ்வளவுதான்.

ரப்பர் பேண்டு போடாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். கடையில் கிடைக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் பி.வி.சி. வகையும் வேண்டாம், நாளாவட்டத்தில் பச்சைப் பிசுபிசுப்பு பிடிக்கும். பி.வி.சி. இல்லாத மைலார் பிளாஸ்டிக் உறை கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்து மழைக்கும் ஈரத்துக்கும் சிலிக்கா பொட்டலம் ஒன்று கூட வைக்கணும். காசைப் பிடிக்கும்போது விளிம்பில் பிடியுங்கள்.

குமுளி_மலையோரம்:

இந்த இழையைப் படிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எல்லைப் பக்கம் இது பெரிய தொழிலாகவே நடக்கிறது. ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818 அரையணா என்று இன்னொரு பக்கம் போட்ட செம்புக் காசைக் கொண்டுவந்து, அரிசியை இழுக்கும் காசு, வெளிநாட்டுக் கம்பெனி கோடி கொடுக்கும் என்பார்கள். கம்பெனி அப்படி ஓர் அரையணாவை அடிக்கவே இல்லை. பிற்பாடு பூஜைக்கென்று யாரோ செய்த வில்லை அது. அரிசியை இழுக்கும் காசு என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. பரிசோதனைச் செலவு, முன்பணம் என்று வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போவான். எங்கள் பக்கம் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்துச் சேர்த்த பணத்தை இப்படிப் பறிகொடுத்த குடும்பம் இருக்கிறது.

ஆன்லைனிலும் இதே கதைதான். வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சம், டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்சம் என்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷனும் வரியும் கேட்பார்கள். பழைய காசு, நோட்டு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. விற்கிறவனிடம் முன்பணம் கேட்கிற வியாபாரி எந்த ஊரிலும் இல்லை.

புனலூர்_பாலம்:

ஒரு சந்தேகம். சொந்தக்காரர் ஒருத்தர் கிணறு வெட்டும்போது சட்டியோடு காசு கிடைத்தது என்கிறார். அதையும் இப்படி விற்கலாமா?

நாஞ்சில்_அண்ணாச்சி:

கூடாது. பத்தாயத்தில் இருப்பது வேறு, மண்ணுக்குள் கிடைப்பது வேறு. புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த புதையலைக் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கணும். மறைத்தால் கண்டெடுத்தவரின் பங்கும் போகும், தண்டனையும் உண்டு. இன்னொன்று, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டப்படி தொல்பொருள். வளைகுடாவில் இருக்கிற மகனுக்கு அன்பளிப்பாகக்கூட வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

மார்த்தாண்டம்_தேன்:

காசு சேர்க்க எங்களுக்கு வசதி இருந்ததில்லை. நாங்கள் சேர்த்தது கேரளா லாட்டரிச் சீட்டு! குலுக்கல் முடிந்து விழாத சீட்டை பஸ் ஸ்டாண்டில் கிழிக்காமல் வீசுவார்கள். பொறுக்கி, படம் வாரியாக அடுக்கி, கணக்கு நோட்டில் சோற்றுப் பசையால் ஒட்டுவோம். தீப்பெட்டி லேபிளும் அப்படித்தான், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி லேபிள் ஒவ்வொன்றும் ஒரு ரகம். தாமரைப்பூ இருபது பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்று நம்பி யாரும் மிட்டாய்க்குக்கூடக் கொடுக்கமாட்டோம். இதற்கெல்லாம் யாராவது ஆள் உண்டா?

ஆரியங்காவு_ரயில்:

உண்டு, கொஞ்சம் பேர்தான். கேரள லாட்டரியின் முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26, சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. அந்த முதல் வருஷங்களின் சீட்டு கிடைத்தால் சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள். ஒட்டினதைப் பிய்க்க வேண்டாம், நோட்டோடு அப்படியே வையுங்கள். இருபது பைசாவில் தங்கம் இல்லை, பித்தளை வகைதான். 1968 முதல் 1971 வரை வந்தது, சில ரூபாய்க்கே கிடைக்கும். லேபிளும் விலை போகாது. ஆனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாத தொகுப்பு உங்களுடையது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கொளச்சல்_கடல்:

என் தாத்தா வளைகுடாவில் வேலை பார்த்தவர். அவர் பெட்டியில் சிவப்பு நிறத்தில் பத்து ரூபாய் நோட்டு ஒன்று இருக்கிறது. நம் நோட்டு மாதிரியே இருக்கிறது, நிறம் மட்டும் வேறு. அதற்கு ஏதாவது மதிப்பு உண்டா?

நாஞ்சில்_அண்ணாச்சி:

நோட்டின் எண்ணுக்கு முன்னால் இங்கிலீஷ் இஸட் எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது வளைகுடா ரூபாய். குவைத், பஹ்ரைன், கத்தார் பக்கம் செல்லுபடியாக 1959-இல் ரிசர்வ் வங்கி தனியே அடித்தது. நம் நாட்டுக்குள் செல்லாது. அறுபதுகளில் அந்தந்த நாடு சொந்தப் பணம் கொண்டுவந்ததும் நின்றுபோனது. ஹஜ் போகிறவர்களுக்கென்று அடித்த நோட்டும் உண்டு, அதில் எச்.ஏ. என்று இரண்டு எழுத்து இருக்கும். இரண்டுமே நல்ல விலை போகிறவை. மடிக்காதீர்கள், லேமினேட் செய்துவிடாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். எண்ணை மறைத்துவிட்டு முன்பக்கம் பின்பக்கம் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். தாத்தா எந்த வருஷம் எந்த ஊரில் இருந்தார் என்றும் வீட்டில் கேட்டு எழுதுங்கள்.